கோசோங்

காலை ஆறு, மாலை ஆறு.
ஆயர் கெலாடி போலீஸ் பாலாயில்
நீலப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து
மூச்சைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கோர்ப்பரல் நோர்லைலா
உறையைக் கிழித்துப் புதுக் குழாய் மாட்டுகிறாள்.
ஊது என்கிறாள், மலாயில்.
ஊதுகிறேன்.
கருவி யோசிக்கிறது.
அது யோசிக்கும் நாலு விநாடியில்
ஒரு சொட்டும் தொடாதவனுக்கும்
தொண்டையில் முள் இறங்கும்.
"கோசோங்."
ஆ லெங் கடையில்
சீனி போடாத காப்பிக்குச் சொல்கிற அதே சொல்.
நோட்டில் ஒரு சுழி,
பக்கத்தில் என் கையெழுத்து.

முதல் தடவை அபராதம்.
இரண்டாம் தடவை ஆறு வாரம் உள்ளே.
மூன்றாம் தடவை
செம்பனைக் குலை ஏற்றிய லோரி,
ஆலைக்கு முந்திய வளைவு,
லோகேந்திரன்.

சாகவில்லை.
அதைச் சொல்லும்போதெல்லாம்
என் குரல் சலுகை கேட்பது
எனக்கே கேட்கும்.

வலது முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள்.
பெட்ரோல் நிலையக் கல்லாவில் உட்கார்கிறான்.
பாலாய்க்கு வேறு பாதை இல்லை.
என் சைக்கிள் ஒரு நாளைக்கு நாலு முறை
அவனைக் கடக்கிறது.
நாலு முறையும் எனக்கு எதிர்ப்பக்கக் கால்வாயில்
ஏதோ பார்க்க வேண்டியிருக்கிறது.

புளித்த எதைக் கண்டாலும் பயம்.
பவளம் தோசைக்கு ஆட்டி வைத்தால்
மூடி தூக்கி மோந்து பார்க்கிறேன்.
இருமல் மருந்துப் புட்டியின் முதுகை
எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.
கோயில் பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றி
மகள் பக்கம் தள்ளிவிடுகிறேன்.
"சாமி பிரசாதம்ப்பா."
சாமி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

நூற்றுப் பதினேழாம் நாள், ஹரி ராயா.
பாலாய்க்குப் பின்னே குவார்ட்டர்ஸில் விருந்து.
அன்று அவளுக்கு விடுப்பு.
சாப்பிடு, அப்புறம் ஊதலாம் என்றாள்.
லெமாங். ரெண்டாங்.
பிறகு ரப்பர் இலையில் மடித்த தாப்பாய்.
அம்மா இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டினாள்.
அந்த இலைக்குள் தின்பண்டம் இருந்து
நான் பார்த்ததில்லை.

இனிப்பு.
அடியில் இன்னொன்று.
நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது,
பசார் மாலாம் கூட்டத்தில்
பழைய கூட்டாளியை
முதுகை வைத்தே கண்டுகொள்வதுபோல.

இரண்டாவது இலையைப் பிரித்தேன்.

கருவி யோசித்தது.
ஒரு எண் வந்தது.
சின்ன எண்தான்,
பிள்ளைகள் கணக்கில் தள்ளுபடி செய்கிற அளவு.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்:
"தாப்பாய்! அது புளிக்க வச்ச அரிசி.
என் தப்பு. என் தப்பு."
தண்ணீர் கொடுத்தாள். கொப்பளிக்கச் சொன்னாள்.
பதினைந்து நிமிஷம் உட்காரச் சொன்னாள்.
பண்டிகைப் பட்டுடையோடு
பெஞ்சின் மறு ஓரத்தில் தானும் உட்கார்ந்து
கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
எனக்காக ஒரு போலீஸ் பயந்து
அன்றுதான் பார்த்தேன்.

முதல் இலை தெரியாமல்.
அதுவரை சரி.

"கோசோங்!"
குழந்தைபோலக் கை தட்டினாள்.
சுழி போட்டாள். பேனாவை நீட்டினாள்.

தெரிந்தே என்பதற்கு
மலாயில் எனக்குச் சொல் உண்டு.
குற்றப்பத்திரிகையில் வந்த சொல்,
நீதிபதி வாசித்து
மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சொன்ன சொல்.
செங்காஜா.
வாய்வரை வந்தது.
பக்கத்து அறையில் அவள் அம்மா
எனக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டேன்.
இருநூற்று முப்பத்துமூன்று சுழிகளுக்குக் கீழே
அதே போன்ற ஒன்று.
யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

திரும்பும்போது
பெட்ரோல் நிலையத்தில் இறங்கிவிட்டேன்.
ஏனென்று தெரியவில்லை.
சைக்கிளுக்கு என்ன பெட்ரோல்?
லோகேந்திரன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
நெடுநேரம் பார்த்தான்.
ஓட்டை வழியாகச் சொன்னான்:
"காத்து அந்தப் பக்கம்."

டயர் கல்லுமாதிரிதான் இருந்தது.
போய்
காற்றடித்தேன்.